கக்கத்தில் பிடிக்கிற நீச்சல் உடை: ஒரு தையல்காரி பார்வையில்

முதலில் விலை. 1,150 ரூபாய். பேரம் பேசிப் பார்த்தேன், 50 ரூபாய்கூட இறங்கவில்லை. "உள்ளாடைக் கணக்குல வருதுக்கா, போட்டுப் பார்த்துட்டா திருப்பி எடுக்க மாட்டோம்" என்று பில் போடும்போதே சொல்லிவிட்டார்கள். பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில், ரோட்டைப் பார்த்த கடை இல்லை, பக்கத்துச் சந்துக்குள் மாடிப்படி ஏறிப் போகிற கடை. பெயர் வேண்டாம். குறை சொல்லப் போகிறேன், ஆனால் அந்தக் குறை கடைக்காரருடையது இல்லை. இதே வெட்டில் பல கம்பெனி உடைகள் அதே கம்பியில் வரிசையாகத் தொங்குகின்றன. லேபிளும் பைப்பிங் கலரும்தான் வேறு. அதனால் இதை ஒரு கம்பெனியைப் பற்றி எழுதியதாக எடுத்துக்கொள்ளாமல், பெண்களுக்கென்று விற்கிற 'ஃபுல் பாடி' நீச்சல் உடையைப் பற்றி எழுதியதாகப் படியுங்கள்.

நான் தண்டையார்பேட்டையில் வீட்டிலேயே மெஷின் போட்டு பிளவுஸ், சுடிதார் தைக்கிறவள். வருஷக்கணக்காகப் பெடல் மிதித்து முட்டி தேய்ந்துபோனது. நடக்காதீங்க, நீந்துங்க என்றார் டாக்டர். கடல் எங்கள் தெருவிலிருந்து கூப்பிடு தூரம்தான். ஆனால் அலை ஊரைத் தின்னாமல் இருக்க ராயபுரத்திலிருந்து எண்ணூர் பக்கம் போகிற ரோட்டோரம் நெடுகக் கருங்கல் கொட்டி வைத்திருக்கிறார்கள். பையன்கள் அந்தக் கல்லிலிருந்து குதித்து விளையாடுவார்கள். பெண்கள் கல்மேல் உட்கார்ந்து காற்று வாங்குவதோடு சரி. காசிமேட்டில் எனக்கு வாடிக்கையாக மீன் கொடுக்கிற அக்கா, "பொறந்ததுலேருந்து கடலோரம்தான், இடுப்புக்கு மேல நனைஞ்சதில்ல" என்பார். ஆகவே நீச்சல் குளம். லேடீஸ் பேட்ச், லேடி கோச், காலை வேலையெல்லாம் முடிந்தபிறகு ஒரு மணி நேரம். அங்கே காட்டன் கூடாது, சுடிதார் கூடாது, தொப்பி கட்டாயம். காட்டன் நூல் பிசிறு ஃபில்டரை அடைக்கும், தண்ணீரைக் குடித்துக் கனக்கும். அது நியாயமான விதிதான்.

உடை என்னவென்றால், கழுத்து மூடிய முழுக்கை மேல்சட்டை, நெஞ்சில் ஜிப், இடுப்பில் முழங்கால் தொடாத ஒரு சின்னப் பாவாடை, கணுக்கால் வரை லெகிங்ஸ். லெகிங்ஸும் பாவாடையும் ஒரே துண்டாகத் தைத்திருக்கிறது. நேவி புளூ, தோளில் பிங்க் பைப்பிங். எங்கள் பேட்சில் முக்கால்வாசிப் பேர் இந்த மாதிரிதான் போடுகிறோம். முஸ்லிம் அக்காக்களுக்காக மட்டும் வருகிற உடை என்று சிலர் நினைக்கிறார்கள். உடை மாற்றுகிற ரூமில் வந்து பார்த்தால் தெரியும்: திருநீறு பூசின மாமியும் இதுதான், சிலுவை டாலர் போட்ட டீச்சரும் இதுதான். கால் தெரியக்கூடாது என்பதில் எல்லாரும் ஒன்று.

துணியைப் பற்றிச் சொல்ல எனக்குக் கொஞ்சம் உரிமை இருக்கிறது. அப்பா பெரம்பூர் பின்னி மில்லில் நெசவுப் பக்கம் இருந்தவர். எந்தத் துணியைக் கையில் எடுத்தாலும் முதலில் குறுக்கே இழு, அப்புறம் நெடுக்கே இழு, விட்டதும் எவ்வளவு சீக்கிரம் திரும்புகிறது பார் என்பார். இந்தத் துணி இரண்டு பக்கமும் இழுக்கிறது, விட்டவுடன் பழைய அளவுக்கு வந்துவிடுகிறது. லேபிளில் நைலான் 82, ஸ்பான்டெக்ஸ் 18 என்று போட்டிருக்கிறது. சொன்ன மாதிரிதான் இருக்கிறது. வெளிச்சத்தில் இழுத்துப் பிடித்துப் பார்த்தேன், உடம்பு தெரியவில்லை. நனைந்தாலும் ஒட்டிக்கொண்டு காட்டிக் கொடுக்கவில்லை. துணிக்கு முழு மார்க்.

ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். இழுவை கொடுக்கிற ஸ்பான்டெக்ஸ் இழைக்கு, குளத்துத் தண்ணீரில் போடுகிற குளோரின் ஆகாது. குளத்தைவிட்டு வந்ததும் நல்ல தண்ணீரில் அலசாமல் பைக்குள் சுருட்டி வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனால், சில மாதத்தில் பின்பக்கம் தொளதொளவென்று தொங்கும், துணி மெலிந்து உள்ளே இருக்கிற இழை தெரியும். அரை வாளி தண்ணீர் போதும். முறுக்கிப் பிழியாதீர்கள், வாஷிங் மெஷின் வேண்டாம், நிழலில் காயப்போடுங்கள். அடிக்கடி நீந்துகிறவர்கள் பாலியஸ்டர் பி.பி.டி. என்று லேபிளில் போட்டது கிடைத்தால் அதை எடுங்கள். இழுவை குறைவு, ஆயுசு அதிகம்.

இனி தையல். இங்கேதான் சண்டை.

முதல் வாரமெல்லாம் தண்ணீரில் மிதக்கக் கற்றுக்கொண்டு, மூச்சு விடக் கற்றுக்கொண்டு, அப்புறம் ஃப்ரீஸ்டைல் ஆரம்பித்தார்கள். எங்கள் கோச் என் பெண் வயசுதான், இருந்தாலும் மேடம் என்றுதான் கூப்பிடுவேன். "அக்கா, கையைக் காதை ஒட்டி முன்னாடி நீட்டுங்க, பாதியிலயே மடக்குறீங்க" என்றார்.

"கை வருது மேடம், சட்டைதான் வர மாட்டேங்குது" என்றேன்.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. இந்த உடையின் கை, நாம் நிற்கும்போது கை தொங்குகிற கணக்கில் வெட்டியது. அளவு டேப் இருந்தால் நீங்களே பாருங்கள். கையைத் தொங்கவிட்டு இடுப்பிலிருந்து கக்கம் வரை அளந்துகொண்டு, பிறகு கையை மேலே தூக்கி அதே இடத்தை அளங்கள். எனக்கு இரண்டரை இஞ்ச் கூடுகிறது. அந்த இரண்டரை இஞ்சுக்குத் துணி எங்கிருந்தாவது வந்தாக வேண்டும். இழுக்கிற துணிதானே, இழுத்துக்கொள்ளும் என்று கம்பெனிக்காரன் விட்டுவிட்டான். அது இழுத்துக்கொள்கிறது, ஆனால் ஒவ்வொரு தடவை கை போடும்போதும் நம் தோள் அதை இழுக்க வேலை செய்கிறது. கூடவே இடுப்பு மேலே ஏறுகிறது, கழுத்து பின்னால் போகிறது, ஜிப்பின் மேல்முனை தொண்டையில் உரசுகிறது. முன்னெல்லாம் ஜிப்பாவில் கக்கத்தில் ஒரு சதுரத் துண்டு வைத்துத் தைப்பார்கள், ஞாபகம் இருக்கிறதா? அது அழகுக்கு வைத்ததில்லை. கையைத் தூக்கி வேலை செய்கிறவனுக்கு வைத்தது. அந்தச் சின்னத் துண்டை இதில் வைத்திருந்தால் பிரச்சினை முடிந்தது.

இதை நான் சுவரைப் பிடித்துக்கொண்டு விளக்கிக்கொண்டிருந்தபோதுதான் கோச் மேடம் டிரூடி கதையைச் சொன்னார். கெர்ட்ரூட் எடர்லி. நியூயார்க்கில் ஜெர்மனியிலிருந்து வந்த ஒரு கசாப்புக் கடைக்காரரின் மகள். 1926 ஆகஸ்ட் 6 அன்று இங்கிலீஷ் கால்வாயை, அதாவது பிரான்சுக்கும் இங்கிலாந்துக்கும் நடுவில் இருக்கிற கடலை, நீந்திக் கடந்த முதல் பெண். கடந்ததோடு இல்லை, அதற்கு முன்னால் கடந்திருந்த ஐந்து ஆண்களில் யாரையும்விட சுமார் இரண்டு மணி நேரம் முன்னாடியே கடந்தார். 14 மணி 34 நிமிஷம். "அவங்களுக்கும் உங்க பிரச்சினைதான்கா. அக்காவும் தங்கச்சியுமா உட்கார்ந்து புதுசா டிரஸ் பண்ணிக்கிட்டாங்க" என்றார் மேடம்.

அன்றைக்கு வீட்டில் தைக்க எடுத்த பிளவுஸ் அப்படியே கிடந்தது. போனில் டிரூடியின் படத்தை எடுத்து விரல் வைத்து விரித்து விரித்து, தையல் எங்கே ஓடுகிறது என்று தேடினேன். கரையில் நிற்கிறார், உடம்பெல்லாம் கொழுப்பு பூசியிருக்கிறது, தலையில் இறுக்கமான தொப்பி, நெற்றியில் பெரிய கண்ணாடி. உடை இரண்டு துண்டு. மேலே நெஞ்சை மட்டும் மூடுகிற துண்டு, கீழே டிராயர். நடுவில் வயிறு திறந்திருக்கிறது. 1926ல்! பீச்சில் பெண்கள் காலுறையோடு நின்ற காலம் முடிந்து அப்போதுதான் சில வருஷம் ஆகியிருந்தது.

ஏன் இரண்டு துண்டு என்று எனக்குப் பார்த்தவுடன் புரிந்துவிட்டது. ஒரே துண்டாக இருந்தால் தோளிலிருந்து தொடை இடுக்கு வரை ஒரே இழுப்பு. கை தூக்கும்போது மேலே இழுக்கும், கால் உதைக்கும்போது கீழே இழுக்கும், நடுவில் தண்ணீர் புகுந்து பை மாதிரி உப்பும். அரை மணி நேரத்துக்கு அது தொந்தரவு, அவ்வளவுதான். உப்புத் தண்ணீரில் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் என்றால் தோலை உரித்துவிடும். ஒரு கையை நிமிஷத்துக்கு 25 தடவை போட்டதாக வைத்துக்கொள்ளுங்கள், 14 மணி 34 நிமிஷத்துக்கு 21,000 தடவைக்கு மேல் வருகிறது. அத்தனை தடவையும் அதே கக்கத்தில் அதே தையல் உரச வேண்டும். இடுப்பில் வெட்டிவிட்டால் மேல்துண்டு மேலே போகட்டும், கீழ்த்துண்டு கீழே இருக்கட்டும். உரசுகிற தையலின் நீளமே பாதியாகிவிடும். அக்கா மார்கரெட்டும் டிரூடியும் இதை யோசித்துச் செய்திருக்கிறார்கள். தைக்கிறவர்களாகவே அந்த இரண்டு பேரையும் நான் எங்கள் சங்கத்தில் சேர்த்துக்கொள்கிறேன்.

கொழுப்பு பூசியது குளிருக்குத்தான் என்று நினைத்திருந்தேன். அதற்கு மட்டும் இல்லை, உரசலுக்கும்தான். முதலில் ஆலிவ் எண்ணெய், அதற்கு மேல் ஆட்டு ரோமத்திலிருந்து எடுக்கிற லனோலின் மெழுகு, அதற்கும் மேல் வாசலினும் பன்றிக் கொழுப்பும். இன்றைக்கும் கடலில் தூரம் நீந்துகிறவர்கள் கக்கத்திலும் கழுத்திலும் வாசலின் தடவிக்கொண்டுதான் இறங்குகிறார்கள். நானும் ஜிப் உரசுகிற இடத்தில் கொஞ்சமாகத் தடவிப் பார்த்தேன், எரிச்சல் குறைந்தது. குளத்துத் தண்ணீரில் வாசலின் மிதக்காத அளவுக்குக் கொஞ்சமாகத் தடவுங்கள், இல்லையென்றால் மேடம் திட்டுவார்.

கண்ணாடி விஷயம் இன்னும் சுவாரஸ்யம். நாம் 300 ரூபாய்க்கு சிலிக்கான் ஓரம் வைத்தது வாங்கி, உள்ளே தண்ணீர் வருகிறது என்று புலம்புகிறோம். டிரூடி போட்டது மோட்டார் சைக்கிள்காரர்கள் போடுகிற மாதிரிக் கண்ணாடி. ஓரத்தை எல்லாம் மெழுகு உருக்கி அடைத்துத் தண்ணீர் புகாமல் செய்தார்கள். என் கண்ணாடிக்கு இந்த விமர்சனத்தில் தனி இடம் கொடுக்கவில்லை. ஒழுகவில்லை, பனி படிகிறது, அவ்வளவுதான்.

இப்படிப்பட்டவர் திடீரென்று முளைத்து வந்ததில்லை. 1917ல் நியூயார்க்கில் பெண்கள் நீச்சல் சங்கம் ஒன்றை சார்லட் எப்ஸ்டீன் என்ற பெண் தொடங்கினார். கோர்ட்டில் சுருக்கெழுத்து வேலை பார்த்தவர். அங்கே லூயிஸ் ஹேண்ட்லி என்ற கோச் புதுவிதமான கிரால் நீச்சலைப் பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்தார், நாம் இப்போது ஃப்ரீஸ்டைல் என்று அடிக்கிறதுதான். டிரூடி அந்தப் பள்ளியின் பிள்ளை. 1922ல் மான்ஹாட்டன் பீச்சிலிருந்து பிரைட்டன் பீச் வரை மூன்றரை மைல் போட்டியில், பெயர் பெற்ற பெண்களையெல்லாம் பின்னால் விட்டுவிட்டு முதலாவதாக வந்தார். அதற்கு முன்னால் அந்த மாதிரி தூரம் போட்டியில் நீந்தியதே இல்லை. 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் ரிலேயில் தங்கம், 100 மீட்டரிலும் 400 மீட்டரிலும் வெண்கலம். 1921க்கும் 1925க்கும் நடுவில் அமெரிக்க சாதனை, உலக சாதனை என்று 29. 1925ல் நியூயார்க்கில் பேட்டரி என்ற கரையிலிருந்து நியூஜெர்சியின் சாண்டி ஹூக் முனை வரை 7 மணி 11 நிமிஷத்தில் நீந்தினார். அந்த நேரத்தை 81 வருஷம் யாரும் முறியடிக்கவில்லை.

அந்தக் காலத்தில் கால்வாய்க்கு மார்நீச்சல்தான் சரி, கிரால் அடித்தால் பாதியில் தளர்ந்து போவார்கள் என்பது பெரியவர்கள் முடிவு. ஆண்களே அப்படி நினைத்தால் பெண்ணை யார் நம்புவார்கள்? 1925 ஆகஸ்டில் முதல் முயற்சி. கோச் ஜேபஸ் வுல்ஃப். அவரே கால்வாயை இருபது தடவைக்கு மேல் முயன்று ஒரு தடவைகூடக் கடக்க முடியாதவர். சுமார் ஒன்பது மணி நேரம் ஆகும்போது டிரூடி முகத்தைத் தண்ணீரில் வைத்து மிதந்தார். மூழ்குகிறாள் என்று சொல்லி, கூட நீந்திக்கொண்டிருந்தவரைத் தொட்டுத் தூக்கச் சொன்னார் வுல்ஃப். நீந்துகிறவரை யாராவது தொட்டால் முயற்சி செல்லாது, விதி அப்படி. நான் ஓய்வு எடுத்தேன், தூக்கச் சொல்லவில்லை என்று டிரூடி கடைசி வரை சொன்னார். இதைக் கேட்டபோது எங்கள் பேட்சே கொதித்துவிட்டது. "அவருக்கே முடியல, இந்தப் பொண்ணு முடிச்சுட்டா எப்படின்னு நினைச்சிருப்பாரு" என்றார் டீச்சர். அவர் மனசில் என்ன இருந்ததோ, அது எனக்குத் தெரியாது. அடுத்த வருஷம் டிரூடி கோச்சை மாற்றிவிட்டார் என்பது மட்டும் தெரியும். பில் பர்ஜெஸ், 1911ல் கால்வாயைக் கடந்த இரண்டாவது ஆள்.

1926ல் இறங்கும் முன்பே, நீயாக வருகிறேன் என்று சொல்கிற வரை யாரும் உன்னைத் தொட மாட்டார்கள் என்று பேசி வைத்துக்கொண்டார்கள். படகில் அப்பாவும் மார்கரெட்டும். பிரெஞ்சுக் கரையில் கேப் கிரி நே என்ற முனையிலிருந்து காலை 7 மணிக்குச் சற்று மேல் இறங்கினார். மதியத்துக்கு மேல் காற்று, மழை, அலை. 21 மைல் அகலக் கால்வாயில் நீரோட்டம் இழுத்து இழுத்துவிட்டதில் 35 மைல் நீந்தியிருக்கிறார் என்று கணக்குச் சொல்வார்கள். பர்ஜெஸுக்கே பயம் வந்து, ஏறிவிடு என்று படகிலிருந்து கத்தியபோது டிரூடி தலையைத் தூக்கிக் கேட்டது ஒரே கேள்வி: "எதுக்கு?" இரவு கென்ட் கரையில் கிங்ஸ்டவுனில் நடந்து ஏறினார். முதல் ஆளாக வந்த இங்கிலாந்து அதிகாரி பாஸ்போர்ட் கேட்டாராம். 14 மணி நேரம் நீந்தி வந்தவளிடம்! தாலுகா ஆபீஸ் எல்லா ஊரிலும் ஒன்றுதான் போலிருக்கிறது.

சரி, உடைக்குத் திரும்புவோம்.

லெகிங்ஸ் நன்றாக இருக்கிறது. கணுக்காலில் பிடிப்பு சரியாக இருக்கிறது, தண்ணீர் உள்ளே தங்குவதில்லை, உட்காரும் இடத்தில் இரட்டைத் துணி. கால் மூடுகிற விஷயத்தில் எனக்கு அலட்சியம் கிடையாது, மூடினால்தான் குளத்துக்கு வர முடியும் என்கிற பெண்கள் எங்கள் பேட்சில் பாதிப்பேர். இந்தத் தகராறு நூறு வருஷத்துக்கும் முன்னாலேயே ஆரம்பித்தது. ஆஸ்திரேலியாவின் அனெட் கெல்லர்மன், சின்ன வயதில் கால் பலவீனத்துக்காக நீந்த ஆரம்பித்துப் பெரிய நீச்சல்காரி ஆனவர். லண்டனில் அரச குடும்பத்தார் முன்னால் நீந்த வேண்டும், வெறுங்கால் கூடாது என்றார்கள். பையன்கள் போடுகிற நீச்சல் உடையில் நீளமான கறுப்புக் காலுறையை வைத்துத் தைத்துக்கொண்டு போய் நின்றாராம். மறுக்கவும் முடியாது, நீந்தவும் முடியும். இதைவிட நல்ல ஆல்டரேஷன் நான் கேள்விப்பட்டதில்லை. டிரூடியின் சங்கத்திலேயே இருந்த எதெல்டா பிளைப்ட்ரி இன்னொரு வகை. 1919ல் நியூயார்க் பீச்சில் காலுறையைக் கழற்றிவிட்டு இறங்கினார், நிர்வாணமாக நீந்தியதாகப் போலீஸ் பிடித்தது. அடுத்த வருஷம் ஆண்ட்வெர்ப் ஒலிம்பிக்கில் பெண்களுக்கு இருந்த நீச்சல் போட்டி மொத்தமே மூன்று. மூன்றிலும் தங்கம் வாங்கினார். அவர்கள் காலத்துக் கம்பளி உடையோடு ஒப்பிட்டால், நனைந்தும் கனக்காத இந்த நைலான் லெகிங்ஸ் ராஜபோகம்.

பாவாடைக்கு வருகிறேன். அது வேண்டாத வேலை. பின்புறம் மறைக்க வைத்திருக்கிறார்கள், புரிகிறது. ஆனால் மடிப்பு வைத்து ஃப்ரில் மாதிரித் தைத்ததால் தண்ணீரில் குடை மாதிரி விரிந்து பின்னால் பிடித்து இழுக்கிறது. மடிப்பு இல்லாமல் ஒட்டின வெட்டாக, நாலு இஞ்ச் குறைத்து வைத்தால் மறைக்கவும் செய்யும், இழுக்கவும் செய்யாது. நான் என்னுடையதில் மடிப்பைப் பிரித்து, உபரித் துணியை வெட்டி எடுத்துவிட்டேன். அந்தத் துணியையே கக்கத்துக்கு வைத்துக்கொண்டேன்.

உள்தையல்: எல்லா ஜாயின்ட்டும் ஓவர்லாக். அதாவது உள்பக்கம் ஒரு வரம்பு ஓடும். விரலால் தடவினாலே தெரியும். நல்ல நீச்சல் உடையில் ஃப்ளாட்லாக் போடுவார்கள், இரண்டு ஓரமும் ஒன்றின்மேல் ஒன்று படுத்துவிடும், தோலில் உறுத்தாது. இந்த விலைக்கு எல்லா இடத்திலும் ஃப்ளாட்லாக் கேட்க முடியாது, சரி. தோளிலும் கக்கத்திலுமாவது போட்டிருக்கலாம். நூல் பரவாயில்லை, இழுக்கிற நூல்தான் போட்டிருக்கிறார்கள். சாதாரண நூலில் தைத்த மலிவு உடை ஒன்று எங்கள் பேட்சில் ஒரு பெண்ணுக்கு, காலை அகட்டி உதைத்தபோது படபடவென்று பிரிந்துவிட்டது. நல்லவேளை, லேடீஸ் பேட்ச். கடையில் எடுக்கும்போது தையலை இரண்டு கையாலும் பிடித்து நன்றாக இழுத்துப் பாருங்கள். நூல் கூடவே நீண்டால் எடுங்கள், சத்தம் வந்தால் வைத்துவிடுங்கள்.

ஜிப் நைலான் பல், துருப்பிடிக்காது, அது நல்லது. ஆனால் மேல்முனையை மூடுகிற சின்னத் துணி மடிப்பு இல்லை. அதனால்தான் தொண்டை உரசல். நெஞ்சில் வைத்திருக்கிற கப் நனைந்ததும் நகர்ந்து கக்கத்துப் பக்கம் போய்விடுகிறது. கழற்றிப் போட்டுவிட்டேன். தொப்பி இலவசமாகக் கொடுத்தார்கள், அதே துணியில். அதற்குள் தண்ணீர் போகிறது, முடி நனைகிறது. 180 ரூபாய்க்கு சிலிக்கான் தொப்பி தனியாக வாங்கிக்கொள்ளுங்கள்.

தொப்பி என்றதும் ஒன்று. எங்கள் பேட்சில் காது மெஷின் வைத்த ஒரு சின்னப் பெண் வருகிறாள். தண்ணீரில் இறங்கும்முன் மெஷினைக் கழற்றி அம்மாவிடம் கொடுத்துவிடுவாள். அதற்கப்புறம் கோச் மேடம் அவளோடு கையால்தான் பேசுவார். கை நீட்டு, உருளு, மூச்சு விடு, எல்லாமே சைகை. இப்போது பேட்ச் முழுக்க அந்தச் சைகை பழகிவிட்டது, தண்ணீருக்குள் காது கேட்காத எங்களுக்கும் அதுதான் வசதி. டிரூடிக்குச் சின்ன வயதில் மணல்வாரி அம்மை வந்து காது மந்தமானது. நீந்தினால் இன்னும் மோசமாகும் என்று டாக்டர்கள் சொன்னார்கள். அவர் நிறுத்தவில்லை, காதும் போகப்போகக் கேட்காமல் போய்விட்டது. நியூயார்க் திரும்பியபோது 20 லட்சம் பேர் தெருவில் கூடிக் காகிதம் தூவி வரவேற்றார்களாம். கொஞ்சகாலம் மேடைக் காட்சி, ஒரு சினிமா. அப்புறம் ஊர் மறந்தது. 1933ல் படிக்கட்டில் விழுந்து முதுகெலும்பில் அடி, வருஷக்கணக்கில் மாவுக்கட்டு. இனி நடப்பதே சந்தேகம் என்றவர்கள் பார்க்க, 1939 நியூயார்க் உலகக் கண்காட்சியின் நீச்சல் காட்சியில் இறங்கி நீந்தினார். பிற்பாடு காது கேளாத குழந்தைகளுக்கு நீச்சல் சொல்லிக்கொடுத்தார். 2003ல், 98 வயதில் காலமானார். முட்டி வலி என்று படியேற யோசிக்கிற எனக்கு இந்த முதுகுக் கதை கால்வாய்க் கதையைவிடப் பெரிதாகத் தெரிகிறது.

நம் பக்கம் ஆள் இல்லையா என்று பேட்சில் கேட்டார்கள். இருக்கிறார்கள். கல்கத்தாவின் ஆரத்தி சாஹா 1959ல் கால்வாயைக் கடந்தார், ஆசியப் பெண்களில் முதல் ஆள், 16 மணி 20 நிமிஷம். நம்ம குற்றாலீஸ்வரன் 1994ல் கடந்தபோது 12 வயது. அந்தக் காலத்தில் எங்கள் தெருவில் எல்லா வீட்டுப் பையன்களுக்கும் அந்தப் பெயரைச் சொல்லித்தான் திட்டு விழும்.

மார்க் கேட்டால், வாங்கின நிலையில் ஐந்துக்கு மூன்று. துணிக்காகவும் லெகிங்ஸுக்காகவும். மிதக்கவும், தண்ணீரில் நடக்கவும், முட்டிப் பயிற்சி செய்யவும் மட்டும் என்றால் அப்படியே போட்டுக்கொள்ளலாம், ஒரு குறையும் தெரியாது. ஃப்ரீஸ்டைல் அடிக்கப் போகிறீர்கள் என்றால் கக்கத்தைப் பிரித்தே ஆக வேண்டும். பெரிய சைஸ் எடுத்தால் சரியாகிவிடும் என்று கடையில் சொல்வார்கள், கேட்காதீர்கள். பெரிய சைஸில் இடுப்பில் தண்ணீர் புகும், கக்கம் அதே இடத்தில்தான் பிடிக்கும்.

நான் செய்தது: கக்கத்தில் நாலு இஞ்சுக்குப் பிரித்து, பாவாடையில் வெட்டின துணியை நாலு மூலைத் துண்டாக வைத்து, சிறு ஜிக்ஜாக் தையலில், பால்பாயின்ட் ஊசி போட்டு அடித்தேன். சாதாரண ஊசி போட்டால் துணியில் ஓட்டை விழுந்து அது ஓடிக்கொண்டே போகும், கவனம். ஜிப் முனைக்கு ஒரு சின்ன மடிப்பு. இப்போது கை காதை ஒட்டிப் போகிறது. மேடம் அடுத்த குறையைக் கண்டுபிடித்துவிட்டார், கால் உதைப்பு சரியில்லையாம். அதற்கு உடையைக் குறை சொல்ல முடியவில்லை.

உங்கள் தையல்காரரிடம் எடுத்துப்போனால் "நீச்சல் டிரஸ்ஸா, நான் கை வைக்க மாட்டேன்" என்பார்கள். இழுக்கிற துணி என்று சொல்லுங்கள், லெகிங்ஸ் தைக்கிறவர் யாராக இருந்தாலும் செய்வார். பேட்சில் கேட்டவர்களுக்கு நான் கக்கம் வைத்துத் தர 150, பாவாடை குறைக்க 80 வாங்குகிறேன். ஆடி முடிவதற்குள் கொடுத்துவிடுங்கள் என்று அவர்களிடம் சொல்லியிருக்கிறேன், ஆவணி பிறந்தால் முகூர்த்த பிளவுஸ் வந்து குவிந்துவிடும்.